உப்பு விளையும் சத்தம் கேட்கும் மைக்

காதுக்கும் வாய்க்கும் சாமான் விற்பவனுக்கு முதலில் பழுதாவது மூளைதான். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

மெதுவான பேச்சு

கற்பிட்டியில் என் கம்ப்யூட்டர் சாமான் கடைக்கு, என்னை 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் அன்ரன் வந்தான். காலையில் கடலுக்குப் போவான். பின்னேரம் கம்ப்யூட்டர் கேமில் ஆட்களைச் சுடுவான். அவனுடைய டீமுக்குத் தலைவி, சிலாபத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நிலந்தி. "உங்கட சத்தத்தில எங்கட காது போகுது. இப்படியே இருந்தா ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு வேற ஆள்" என்று சொல்லிவிட்டாளாம். பயலின் முகம் வாடிப்போயிருந்தது.

மைக் வாயோடு ஒட்டி நிற்கும் கேமிங் ஹெட்செட் ஒன்றைத் தலையில் மாட்டி, "கதைச்சுப் பார்" என்றேன். எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. ஒரு 'ஹலோ' தான் சொன்னான். கண்ணாடி அலுமாரி ஆடியது, எதிர்த் தேத்தண்ணிக் கடையில் பணிஸ் தட்டோடு விழுந்தது, கரையில் நின்ற வள்ளமொன்று தானாகவே கடலுக்கு இறங்கிவிட்டது. மைக்கின் சத்தத்தைக் குறைத்தேன். கேட்காதோ என்று அவன் இன்னும் கத்தினான். காதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால், அப்பாவியாகப் பார்க்கிறான்:

"மெதுவாத்தானே கதைச்சேன், நானா!"

ஒரு முழம் தள்ளி

வாய்க்குக் கிட்ட மைக் இருந்தால்தானே வில்லங்கம்? காதுக்குத் தனி ஹெட்போன், மேசையில் ஒரு முழம் தள்ளித் தனி மைக் என்று முடிவெடுத்தேன். புத்தளத்து உப்பளத்தில் இதை வைத்தால் உப்பு விளையும் சத்தம்கூடக் கேட்கும் என்று அளந்துதான் தலையில் கட்டினேன். சரிவராவிட்டால் திருப்பி எடுப்பதாகவும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அந்த மைக் என் பொய்யை மெய்யாக்கிவிட்டது. கோழி, அலை, மீன்காரனின் ஹோர்ன், அன்ரனின் தாய் பிலோமினா அக்கா தேங்காய் துருவுவது, துருவிக்கொண்டே பக்கத்து வீட்டைத் திட்டுவது, எல்லாம் சிலாபம் போய்ச் சேர்ந்தது. நிலந்தி சொன்னதை அன்ரன் அழாக்குறையாக வந்து ஒப்புவித்தான்:

"அனே, ஐயோ அன்ரன், உங்கட வீட்டில சண்டை முடிஞ்ச பிறகு சொல்லுங்க, நாங்க சுடத் தொடங்குறோம்."

பெட்டிக்குள் தலை

எனக்கும் ரோஷம் வந்தது. மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பெரிய ரெஜிபோம் பெட்டியை, அதுதான் அந்த வெள்ளை நுரைப் பெட்டியை, பக்கவாட்டில் சரித்து, திரையையும் மைக்கையும் தலையையும் அதற்குள் வைத்து ஆடச் சொன்னேன். வெளிச்சத்தம் அடங்கியது உண்மை. ஆனால் சூரை மீன் வாசத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் வந்து, பூசைக்கு நிற்பதுபோல வரிசையில் நின்றதாம். அன்ரனின் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டதாம். அடுத்த நாள் பிலோமினா அக்கா கடைக்கே வந்துவிட்டார். நான் மேசைக்குக் கீழே எதையோ தேடினேன்.

"மீன் வைக்கிற பெட்டிக்குள்ள என்ட மகன்ட தலைய வைக்கச் சொன்ன மகாராசன் எங்க?"

கரையிலிருந்து ஒரு கண்

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நானும் அன்ரன் வீட்டுக்குப் போனேன். மைக் திரும்பி வந்துவிடக் கூடாதே! பெட்டி மீனுக்குப் போய்விட்டதால் மைக் மேசையில் திறந்தபடியே இருந்தது. "வாய் திறக்காதீங்கம்மா" என்று அன்ரன் கும்பிட்டான். அக்கா பின்னால் கதிரையில் இருந்து இறால் உரித்தார். கரையில் நின்றே மீன்கூட்டம் எங்கே வருகிறதென்று சொல்லும் கண் அவருக்கு.

கடைசிச் சுற்று. எங்கள் பக்கத்தில் அன்ரனும் நிலந்தியும். எதிரி ஒருவன்தான் மிச்சம், அவனும் எங்கோ ஒளிந்துவிட்டான். அக்காவின் கண்ணுக்கு மட்டும் அவன் திரையில் பட்டுவிட்டான். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "டேய்! தண்ணித் தாங்கிக்குப் பின்னால குந்தியிருக்கான்டா!" ஹெட்போனுக்குள் இருந்த அன்ரனுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. சிலாபத்தில் நிலந்திக்குக் கேட்டது. திரும்பினாள், சுட்டாள், வென்றோம்!

அக்கா இறால் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஆடினார். என்ன நடந்ததென்று விளங்காமல் அன்ரன் ஹெட்போனைக் கழற்ற, அதற்குள்ளிருந்து நிலந்தியின் குரல் எனக்கே கேட்டது:

"அன்ரன், நீங்க டீமில இருக்கலாம், மைக்க மட்டும் அம்மாட பக்கம் திருப்பி வைங்க!"

அன்றிலிருந்து, ஹெட்செட்டா தனி மைக்கா என்று யார் வந்து கேட்டாலும், முதுகுக்குப் பின்னால் இறால் உரிப்பது யார் என்றுதான் நான் முதலில் விசாரிக்கிறேன்.