அலைமேல் நின்றவர்கள்

இந்த ஊரில் காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் எதிர்மலையில் ஆட்கள் நின்றபடியே இறங்கி வருகிறார்கள். காலை எடுத்து வைப்பதில்லை. ஒரு பலகையில் இரண்டு காலையும் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, பனியில் சறுக்கி வருகிறார்கள். மூட்டம் போட்ட நாளில் பலகை தெரியாது, மலையும் தெரியாது. ஆள் மட்டும் அந்த வெள்ளைக்குள் சும்மா நின்றுகொண்டு நகர்வான். நான் இந்த ஜார்ஜியா நாட்டுக்கு வந்து சில குளிர்காலங்கள் போய்விட்டன. இன்னும் அதைப் பார்த்தால் என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது.

என் மகன் இந்த மலையடிவாரத்தில் ஓர் ஓட்டலில் சமைக்கிறான். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பனி இங்கே ஆதிகாலத்திலிருந்து இருக்கிறது, அதன்மேல் பலகையில் நிற்பதுதான் புதுசு என்கிறான் மகன். முதலில் வெளியூர்க்காரர்கள் சிலர் வந்து நின்றார்களாம். இப்போது ரொட்டி சுடுகிறவரின் மகள்கூட பலகையைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். ரொட்டிக்கு இங்கே புரி என்று பெயர். கிணறு மாதிரி ஒரு மண் அடுப்பு, அதன் உள்சுவரில் மாவை அறைந்து ஒட்டுகிறார்கள். அதை வேடிக்கை பார்த்தே என் முதல் வருஷம் கழிந்தது. சரி, மருமகள் முறைக்கிறாள், விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த முதல் வருஷத்தில் ஒருநாள், மூட்டத்தில் ஒருவன் கைகளை விரித்து நின்றபடி வருவதைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை வீசிக்கொண்டு ஓடினேன். மலைக்கு ஆளேற்றும் கம்பி நாற்காலியை ஓட்டுகிறவர் என்னைப் பிடித்து நிறுத்தினார். "பாபுவா, பாபுவா" என்றார். தாத்தா என்று அர்த்தமாம். நான் மலையைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். அவர் சிரித்தார். உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஏன் ஓடினேன் என்று அவரிடம் சொல்ல என்னிடம் பாஷை இல்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளில் நாங்கள் சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்கு வடக்கே இருந்த குப்பத்தில் இருந்தோம். எல்லோருக்கும் கட்டுமரம்தான். அலை உடைகிற இடம் வந்தால் மரத்தின்மேல் முட்டிபோட்டுக்கொள்வோம். அங்கே ஒருவன் எழுந்து நின்றான் என்றால் எங்கள் குப்பத்தில் ஒரே அர்த்தம்தான்: கடலில் ஆள் போய்விட்டது, உதவிக்கு வா. கரையில் யார் கண்ணில் பட்டாலும், சாப்பிட்ட கையோடு இருந்தாலும், ஓடியாக வேண்டும்.

என் அண்ணன் ஏழுமலை ஓர் ஐப்பசியில் தனியாகக் கடலுக்குப் போனார். கட்டிய கயிறு அவிழ்ந்து, அவர் கட்டுமரத்தில் ஒரு மரம் மட்டும் கரைக்கு வந்தது. உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் பொம்மை கட்டி, அவன் சட்டையை மாட்டி, அதற்குக் காரியம் செய்வது எங்கள் வழக்கம். அன்றுதான் பெண்சாதி தாலியைக் கழற்றுவாள். கன்னியம்மா அண்ணி அதற்கு ஒப்பவில்லை. விடிந்ததும் தண்ணீர் ஓரம் போய் நிற்பார். அவரும் உள்ளே போய்விடுவாரோ என்று பயந்து நான் பின்னாலேயே போய் நிற்பேன்.

மார்கழி மூட்டத்தில் ஒரு காலை, என் பங்காளி ராசுதான் முதலில் பார்த்தான்.

"இன்னாடா அது? மரத்தையே காணோம், ஆளு மட்டும் நிக்கிறான்!"

அலை உடைகிற இடத்தில், வெறும் தண்ணீர்மேல், ஒருவன் நின்றான். கரையைப் பார்த்து வராமல் அலையோடு பக்கவாட்டில் போனான். முகம் தெரியவில்லை. அண்ணனைப் போலவே நெட்டை உடம்பு. நாங்கள் துடுப்பை எடுப்பதற்குள் அண்ணி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

வந்தவன் மாமல்லபுரத்தில் வாடகைக்கு இருந்த ஒரு நீளமுடி வெள்ளைக்காரன். காலடியில் வழவழவென்று ஒரு பலகை. அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவர எங்க வுட்டுட்டு வந்த? சொல்லு. அங்கதான் கீறாரா?"

அவன் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினான். கடலைக் கையால் காட்டி, பலகையை அவரிடம் நீட்டினான்.

"பாத்தியா தம்பி, கீறாராம்" என்றார் அண்ணி. அண்ணன் போனபிறகு அந்தக் குரலில் சந்தோஷத்தைக் கேட்டது அன்றுதான்.

அதோடு காரியம் நின்றது. பஞ்சாயத்துப் பெரியவர்கள் வந்து கேட்டால், "பாத்தவனே சொல்லிட்டான், உங்களுக்கு இன்னா அவசரம்?" என்று அனுப்பிவிடுவார். அந்த வெள்ளைக்காரனையே அழைத்துவந்து இல்லை என்று சொல்லவைக்கலாம் என்று ராசுவை மாமல்லபுரத்துக்கு அனுப்பினேன். போனவன் பலகைமேல் நிற்கக் கற்றுக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரன் ஊருக்குக் கிளம்பும்போது பலகையையும் அவனிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

பிறகு குப்பமே பலகைப் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஒருவன் உளுத்த மரத்தை இழைத்தான். ஒருவன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய் உடைத்தான். அவன் அம்மா கரையில் நின்று கத்தியது காதிலேயே இருக்கிறது: "நாயி வந்து சோத்துப் பானைய உருட்டுதுடா! இனிமே கதவுக்குப் பதிலா நீயே வாசல்ல குந்து!"

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "வெளாட்டுக்கு நிக்கிறவன் எவன், செத்து நிக்கிறவன் எவன்னு இனிமே எப்பிடிடா தெரியும்?" என்றார்.

ஒவ்வொருவன் நிற்கும்போதும் அண்ணி இறங்கினார். ஒவ்வொரு முகமும் கிட்டே வந்து வேறு முகமாயிற்று. அப்படியே வருஷம் திரும்பி அடுத்த மார்கழி வந்தது. அன்றும் அதே மூட்டம். பையன்கள் அலையில் நின்றார்கள். அண்ணி கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மணலில் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, போவலியா?"

"எல்லாந்தான் நிக்கிது. எத்தினி பேர போயி பாக்கறது?" என்றார். கை நெத்திலியைப் பரப்புவதை நிறுத்தவில்லை. "பொம்மய கட்டச் சொல்லு, தம்பி."

ஒரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஆனாலும் கடலைப் பார்த்தேன். ஐந்து பேர் நின்றார்கள். நால்வர் கரைக்கு வந்தார்கள்.

"இன்னொருத்தன் எங்கடா?" என்று ராசுவைக் கேட்டேன்.

"எவன்? பலகையே நாலுதான கீது?"

திரும்பிப் பார்த்தேன். அலைக்கு அந்தப் பக்கம், ஆழத்தில், அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். அலைகள் அவனுக்குக் கீழாகக் கடந்து வந்தன. அவன் அசையவில்லை. வெயில் ஏறி மூட்டம் கலைந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. காரியம் நல்லபடியாக நடந்தது. அண்ணி தாலியைக் கழற்றினார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அண்ணி இன்னும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறார். போன வாரம் மலையடிவாரத்தில் நின்று செல்போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மூட்டத்தில் ஆட்கள் நின்று நின்று இறங்கினார்கள். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"அண்ணி, பொம்மய கட்டச் சொன்னியே அன்னிக்கி, நீ கடலப் பாக்கல. அலைக்கு அந்தாண்ட ஒருத்தன் நின்னுகினு இருந்தான்."

அந்த முனையில் கடல் இரைச்சல் கேட்டது.

"தெரியும்" என்றார். "முதுவுல தெரிஞ்சிது. திரும்பியிருந்தா நானும் போயிருப்பேன்."

பிறகு அவரே கேட்டார்: "நீ இப்ப எங்க கீற? வெளியிலயா?"

"ஆமா. பனியில."

"யாரையும் பாத்துகினு நிக்காத. வூட்டுக்குள்ள வா."

மலைக்கு முதுகைக் காட்டி நடந்தேன். முதுகு சில்லிட்டிருந்தது, திரும்பவில்லை. மகன் வீட்டு வாசல் என்னைவிட ஒரு முழம் உயரம். இருந்தும் உள்ளே நுழையும்போது, குப்பத்து வீட்டுக் கூரை ஓலை நெற்றியில் இடிக்காமல் இருக்க, நன்றாகக் குனிந்துகொண்டேன்.