கடிக்காத சப்பாத்து

நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) மறுநாள் காலை அம்மா குழாயடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வெள்ளைக் கால்மேஸ் ஒன்றை விரித்துப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உது சப்பாத்தின்ரை சாயமோ எண்டு பார்."

சின்னவிரல் வரும் இடத்தில் மண்ணிறமாக ஒரு கறை. ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. சாயம் அல்ல.

அப்பா விறாந்தையில் சீனி போடாத தேத்தண்ணீரோடு இருந்தார். நான் குந்தியிருந்து அவருடைய வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். சின்னவிரலின் வெளிப்பக்கம் தோல் உரிந்து, உள்ளே சதை தெரிந்தது.

"நோகேல்லையோ அப்பா?"

"எங்கை?" என்றார்.

குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

எங்கள் வீடு குருநகரில். அப்பா பதினாலு வயதில் மீன்பிடிக்க வள்ளம் ஏறியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வரும் கடிதம், மருந்து, கிளினிக் கொப்பி எல்லாம் என் பொறுப்பு. ஆறு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று கண்டுபிடித்தபோது, வைத்தியர் சொல்லத் தொடங்கியதும் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கென்ன விளங்கும் டொக்டர். தம்பியிட்டைச் சொல்லுங்கோ. அவன் படிச்சவன்."

நான் அந்த வேலையை ஒழுங்காகவே செய்தேன் என்று நினைத்திருந்தேன். கிளினிக்கில் தந்த துண்டுப்பிரசுரத்தைக் குசினி அலுமாரிக் கதவில் பசை பூசி ஒட்டினேன். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்ற பக்கம் வெளியே தெரிந்தது. கால்களைப் பற்றிய பக்கம் கதவோடு ஒட்டுப்பட்டது. ஒட்டுவதற்கு முன் அதையும் வாசித்தேன். புதுப் பாதணியை முதல் நாளே நீண்ட நேரம் போடக்கூடாது என்று அதில் இருந்தது. அப்பா வாழ்நாளில் சப்பாத்துப் போட்டவர் அல்ல. அந்த வரி வேறு ஆட்களுக்கு என்று விட்டுவிட்டேன்.

மார்கழி வந்தால் சீனி வருத்தக்காரர் உள்ள வீட்டில் சண்டை வரும். உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். பிரான்சிலிருந்து வந்திருந்த மாமி, அப்பாவின் தங்கச்சி, கொண்டுவந்த சொக்லேற்றை நான் அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். பயத்தம் பணியாரத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்க விடவில்லை. அப்பா மாமியிடம் சொன்னார்: "உவன் படிச்ச நாள் முதல் என்ரை வாய்க்குப் பூட்டு, பிள்ளை. திறப்பு அவன்ரை பொக்கற்றுக்கை."

மாமி என்னைப் பார்த்து, "டொக்குத்தர் ஐயா, எங்களுக்கெண்டாலும் ஒரு துண்டு கேக் வெட்டலாமோ?" என்றார். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

எனக்கு அரசாங்க வேலை கிடைத்த பிறகு வந்த முதல் நத்தார் அது. பெருநாளுக்கு எல்லோரும் புதிதாக ஏதாவது போடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு ஒவ்வொரு வருடமும் சேட்டும் சாரமும்தான். இந்த முறை நான் கறுப்புச் சப்பாத்து வாங்கினேன். என்னோடு வேலை செய்பவர்களின் தகப்பன்மாரைப் போல அவரும் கோயிலுக்குள் நடந்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்னுடையது. கால் அவருடையது.

அவருடைய பழைய செருப்பின் நீளத்தை நூல் பிடித்து அளந்துகொண்டு போனேன். அகலத்தை அளக்கவில்லை. ஆடும் வள்ளத்தில் வெறுங்காலோடு நின்று நின்று விரல்கள் விசிறியாக விரிந்துபோன பாதம் அது. நத்தார் காலை, கதிரையில் இருத்தி நானே போட்டுவிட்டேன்.

"கடிக்குதோ அப்பா?"

"இல்லைத் தம்பி. ஒண்டும் தெரியேல்லை. நல்ல சாமான்."

என்னுடைய புதுச் சப்பாத்து அதற்குள் என் குதிக்காலைக் கடித்திருந்தது. அப்பாவுடையது கடிக்கவில்லை என்றதும் நல்ல தோலாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். கடித்ததை உணராத கால் ஒன்று இருக்கும் என்பது என் எண்ணத்தில் வரவே இல்லை.

காலைப் பூசை முடிந்து பதினொரு வீட்டுக்குப் போனோம். ஒன்றை விட்டாலும் அடுத்த நத்தார் வரை கதை இருக்கும். முதல் வீட்டு வாசலில் அப்பா சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது, அம்மாவின் தமையன் கையைப் பிடித்துத் தூக்கினார். "கழட்டாதை மச்சான். நீ சப்பாத்துப் போட்ட அதிசயத்தை எங்கடை வீட்டுச் சனமும் பாக்கட்டும்." எல்லா வீட்டிலும் அதே பகிடி. ஒரு வீட்டிலும் அவர் கழற்றவில்லை. ஒரு வீட்டிலும் கேக் சாப்பிடவும் இல்லை. தட்டு நீளும்போது என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டினால், "தம்பி வேண்டாமாம்" என்பார்.

அன்று பின்னேரம் விரலில் குத்திச் சீனி பார்த்தேன். அளவாக இருந்தது. பெருநாளை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காயத்தைக் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அப்பா சிரித்தார். "கடலிலை சங்கு வெட்டின காலடா இது. உதுக்குப் போய் ஆஸ்பத்திரியோ?" மாமிக்குத்தான் கோபம் வந்தது. "நல்ல நாள் பெருநாளிலை ஆஸ்பத்திரிப் பேச்சு என்னத்துக்கு? வருசம் பிறக்கட்டும் அண்ணை. படுக்கையிலை பிறந்த வருசம் படுக்கையிலைதான் போகும்."

அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் பிடிவாதமாக நின்றிருந்தால் அப்பா வந்திருப்பார். தட்டைத் தள்ளி வைத்தவர் இதற்கும் வந்திருப்பார். ஆனால் எனக்கும் டொக்குத்தராக இருந்து அலுத்துப்போயிருந்தது. ஒரு கிழமையாவது வீட்டில் எல்லோருக்கும் பிடித்தவனாக இருக்க விரும்பினேன். சரி என்றேன். காயத்தைக் கழுவிப் பிளாஸ்டர் ஒட்டினேன்.

வருடப்பிறப்புப் பூசைக்கு அப்பா அதே சப்பாத்தைப் போட்டார். செருப்போடு வாருங்கள் என்று சொன்னேன். "நீ வாங்கித் தந்ததை ஒரு நாளோடை வைக்கிறதே?" என்றார். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் காய்ச்சல். பிளாஸ்டரை எடுத்தபோது வந்த மணத்தை இங்கே எழுத விரும்பவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே வைத்தியர் மீன்பிடி நைலோன் போன்ற ஒரு நூலை எடுத்தார். உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் தொட்டுப் பார்ப்பதற்கு. எங்கள் பக்கம் அதைத் தங்கூசி என்போம். அந்த நூலில் பின்னிய வலைக்குத் தடை இருக்கிறது. காய்ச்சலிலும் அப்பாவின் பகிடி போகவில்லை.

"தங்கூசி தடையெல்லோ டொக்டர். உங்களை ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?"

வைத்தியர் சிரித்துவிட்டு, "கண்ணை மூடுங்கோ ஐயா. நான் தொடேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

பெருவிரலில் தொட்டார். நடுவில் தொட்டார். குதிக்காலில் தொட்டார். நல்ல காலிலும் அப்படியே. இருட்டில் வலை விரலில் இழுபடும் விதத்தைக் கொண்டே மீன் எது என்று சொல்பவர், கண்களை இறுக்கி மூடிக் காத்துக்கொண்டிருந்தார். நூலை வைத்தியர் மேசையில் வைத்துவிட்டார்.

"துடங்குங்கோ டொக்டர்" என்றார் அப்பா.

நரம்புச் சிதைவு (நெடுநாள் சீனியால் நரம்புகள் உணர்ச்சி இழப்பது) என்று வைத்தியர் விளக்கினார். பிறகு இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "மூண்டு மாசச் சராசரி நல்லாயிருக்கு. சாப்பாட்டை ஆர் பாக்கிறது?"

"என்ரை மகன்தான்" என்றார் அம்மா. பெருமையாகத்தான் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

முதலில் சின்னவிரலை எடுத்தார்கள். கங்கிரீன் (இரத்தம் போகாமல் தசை செத்துப்போவது) மேலே ஏறியதால், ஒன்பதாம் நாள் வலது முன்பாதத்தையும் எடுத்தார்கள். அதற்கு முதல்நாள் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வள்ளத்திலை நிக்கலாமோ டொக்டர்?"

"நடக்கலாம் ஐயா. அதுக்கேத்த பாதணி செய்து தருவினம்."

"நான் நடக்கிறதைக் கேக்கேல்லை."

வைத்தியர் குனிந்து கொப்பியில் எழுதத் தொடங்கினார்.

பார்க்க வந்தவர்களிடம் சங்கு வெட்டினது என்றுதான் சொன்னார். முதல் தடவை கேட்டபோது நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "தம்பி, அந்தத் தண்ணிப் போத்தலை எடு" என்றார். அதன் பிறகு எல்லோருக்கும் சங்குதான்.

ஒன்றுவிட்ட ஒரு நாள் கட்டு மாற்றினார்கள். ஐந்து மாதம் எங்கள் வீட்டில் திங்கள், செவ்வாய் இல்லை. கட்டு நாள், கட்டில்லாத நாள், அவ்வளவுதான். காயம் ஆறிவிட்டது. இதைத்தான் குணமாதல் என்கிறார்கள். அப்பா கைத்தடியோடு கரை வரை போய் வருகிறார். கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மேல் இருந்துவிட்டு வருகிறார்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் சீனி வருத்தக்காரர் ஒருவர் இருக்கலாம். பெருநாள் வந்தால் எல்லோரும் அவருடைய வாயைப் பார்ப்பார்கள். நீங்கள் காலையும் பாருங்கள். மேஸைக் கழற்றி, விரல்களை விரித்துப் பாருங்கள். நோகவில்லை என்று அவர் சொன்னால் அதை நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. காயம் கண்டால் அன்றே போங்கள், அது எந்த நல்ல நாளாக இருந்தாலும். எங்கள் வீட்டில் கோபித்துக்கொண்ட மாமி பத்தாம் திகதி விமானம் ஏறிவிட்டார்.

இப்போது நான் நடக்கும்போது என் பாதம் நிலத்தில் படுவது ஒவ்வொரு அடியிலும் எனக்குத் தெரிகிறது. முன்பு தெரிந்ததில்லை. சின்னக் கல் குத்தினாலும் நின்றுவிடுகிறேன்.

மறுபடி மார்கழி வந்துவிட்டது. இந்தமுறை யாருக்கும் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அப்பாவின் இடது காலை என் மடியில் வைத்துப் பார்க்கிறேன். விரலிடுக்கில் பார்த்து, அடிப்பாதத்துக்குக் கண்ணாடி பிடித்துப் பார்த்து, கடைசியாகத் தங்கூசித் துண்டை எடுப்பேன். அந்தக் கால் திரும்ப உணராது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் எடுப்பேன். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

"ஓம்" என்பார். கொஞ்சம் விட்டு, "ஓம்." பிறகும், "ஓம் தம்பி."

நூல் இன்னும் பாதத்தில் படாமல் என் கையில்தான் இருக்கும்.