மாதா கோயில் வளைவுக்கு மேலே

ஆஸ்திரியாவில் எங்கள் டைரோல் மலையில், சாலை மாதா கோயிலருகே திரும்பும் வளைவைத் தாண்டி மேலே போய்விட்டால் யாரும் யாரையும் 'நீங்கள்' என்று சொல்வதில்லை. பிஷப்பே வந்தாலும் 'நீ'தான். கீழே இறங்கினால் மரியாதை திரும்பிவிடும்; வீட்டு மனிதர்களுக்கும் நெருங்கிய சிநேகிதர்களுக்கும் மட்டும்தான் அங்கே 'நீ'. யார் விதித்தார்களோ தெரியாது, மீறியவரும் இல்லை.

இந்த வழக்கத்தைக் கட்டிக்காத்தவன் தபாலோடு ஆட்களையும் ஏற்றிப்போகும் தபால் பேருந்தை ஓட்டும் கஸ்ஸியான். ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. அடிவாரத்தில் பல் டாக்டரிடம், "பார்த்து ஏறுங்க டாக்டர்" என்பான். வளைவு தாண்டியதும், "காலை நடுவுல நீட்டாத, இது உன் வீட்டு சோபாவா?" என்பான். டாக்டரும் காலை மடக்கிக்கொள்வார்.

எனக்கு அடிவாரத்தில் ரொட்டிக்கடை. கோடையில் அவன் வண்டியில்தான் மேலே ரொட்டி கொண்டுபோவேன். கடைசி நிறுத்தத்தில் மலைவிடுதி நடத்தும் ஆஃப்ரா காத்திருப்பாள். என்னிடம், "ரொட்டி கருகியிருக்கு" என்பாள். கஸ்ஸியானிடம், "வந்துட்டியா? உட்காரு, சூப் ஆறுது" என்பாள்.

இறங்கும்போது அவன் ஆரம்பிப்பான்.

"கேட்டியா ரோமெட்? என்னை நீன்னு கூப்பிட்டா."

"அங்க மாட்டையும் நீன்னுதான் கூப்பிடுறா."

"மாட்டுக்கு சூப் கொடுக்கிறாளா?"

"அவகிட்டயே கேட்டுத் தொலையேன்!"

"கீழ வெச்சு என்னை எப்படிக் கூப்பிடுவான்னு தெரியாம எப்படிக் கேட்கிறது?"

இப்படியே நாலு கோடை போனது. ஆஃப்ரா கீழே வந்ததே இல்லை. விடுதியை மூடியதும் கணவாய் வழியாக நடந்து அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷம் பனி முந்திக்கொண்டு கணவாயை அடைத்துவிட்டது. குளிர்காலத்துக்கு என் கடை மாடியில் அறை கேட்டுவிட்டு, இரண்டு பைகளோடு வண்டியில் ஏறினாள். கஸ்ஸியான் முகம் மழித்திருந்தான், இரண்டு இடத்தில் வெட்டுக்காயம்.

"உன் வண்டி என்ன இப்படி முனகுது?"

"உன் விடுதிக் கதவை விடவா? அதுக்கு எண்ணெய் போட்டதே நான்தான்."

சிரித்துக்கொண்டே வந்தார்கள். வளைவு வந்தது. ஆஃப்ரா அவனை எப்படிக் கூப்பிடப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த மடையன் முந்திக்கொண்டான்.

"பையைக் கெட்டியா புடிச்சுக்கோங்க."

இருபது வருஷமாக வளைவு தாண்டியதும் மரியாதைக்கு மாறிப் பழகிய நாக்கு. ஆஃப்ராவின் முகம் வாடிவிட்டது. "சரிங்க" என்றாள். அதோடு அடிவாரம் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் தலையில் ஒரு முழு ரொட்டியால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

எல்லோரும் இறங்கினோம். அவள் இறங்கவில்லை.

"நீங்க இறங்கலையா?" என்றான் பாவி, மறுபடியும்.

"வளைவுக்கு மேல ஒரு டிக்கெட் கொடுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்க வெச்சுக் கேக்க முடியாது."

பல் டாக்டர் ஏறப்போனார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அடுத்த வண்டியில போங்க டாக்டர்."

"இதான் கடைசி வண்டி!"

"அப்போ நடந்து போங்க. பல்லுக்கு நல்லது."

கதவு மூடியது. வண்டி மேலே போனது. நான் கடையைத் திறக்காமல் நிறுத்தத்திலேயே நின்றேன். டாக்டரும் கோபித்துக்கொண்டே நின்றார். அவனுக்காக நான் இத்தனை பதறுவேன் என்று நினைத்ததில்லை.

வண்டி திரும்பி வந்தது. ஆஃப்ரா பைகளோடு இறங்கினாள். படியில் திரும்பி, நிறுத்தம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நீ சாயந்திரம் வந்துடு. சூப் ஆறினா நான் பொறுப்பில்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா ரோமெட்?" என்றான் கஸ்ஸியான்.

பக்கத்தில் மாடு ஏதும் நிற்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பல் டாக்டர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார்.