நிருதி லிங்கம் வரை

ஞாயிறு காலைகளில் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே, பெண்கள் எழுதிய பழைய நாவல்களைப் பற்றிப் பேசும் நால்வரில் சிந்துஜாதான் இளையவள். அவள் வீட்டின் முதல் பட்டதாரி. வழியிலுள்ள ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரும்வரை ஒருத்தியே பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

அன்று எமலிங்கத்தில் அவள் முறை வந்தது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் அந்த வார நாவலின் முன்னுரையை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். அதை ஒப்பித்து முடித்தபோது நிருதி லிங்கம் கண்ணுக்கே தெரியவில்லை.

"என்னாடி, அவ்ளோதானா? இன்னும் தூரம் ஜாஸ்தி இருக்குது," என்று சிரித்தாள், நால்வரில் ஒருத்தியான, கேண்டீனில் சமைக்கும் சரோஜா.

சிந்துஜா நடையை மெதுவாக்கினாள்.

"கதையோட கடைசில அவ புருசன்கிட்டயே திரும்பிப் போனது எனக்குப் புடிக்கலக்கா. ஆனா நானா இருந்தாலும் போயிருப்பேனோன்னு பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் பேசி முடிக்குமுன் நிருதி லிங்கம் வந்துவிட்டது. அடுத்துப் பேச வேண்டிய சரோஜா, "நீயே பேசுடி," என்றாள்.