இரும்பையா படியேறலாமா?

நேற்று எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் படுத்துவிட்டது. பத்துக் கிலோ அரிசி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினேன். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது என் வாய் தானாக, "பாரம் பத்து, வேகம் பாதி" என்று முணுமுணுத்தது. மேலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டு ஆன்டி, "என்னா அங்கிள், மந்திரம் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மந்திரம் இல்லை ஆன்டி, சட்டம் என்று சொல்ல நினைத்தேன். மூச்சு ஒத்துழைக்கவில்லை.

அந்தச் சட்டத்தை எழுதியவனே நான்தான். நம்பமாட்டீர்கள். ஒரு காலத்தில் பூதங்களுக்கும் வாள்வீரர்களுக்கும் சட்டம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எங்கள் ஹாலில் மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்: நான், என் தங்கை லெட்சுமி, கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வரும் நண்பன் தேவன். அவர்கள் இருவரும் ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் பிறப்பித்து வைத்திருந்தார்கள். கதையை நடத்துபவன் நான். "எதிரே காடு, இடது பக்கம் பூதம்" என்பேன். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். விளையாட்டு அவ்வளவுதான். அதற்காகக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டையே விட்டிருக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகடை தேவனுடையது. போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் வேலை பார்த்தான். ஏதோ கப்பலில் வந்த ஓர் ஆபீசர் கொடுத்தாராம். தொலைந்துவிடக் கூடாது என்று அதைக் காலித் தைலப் புட்டியில் போட்டு வைத்திருந்தான். அவன் உருட்டும்போதெல்லாம் ஹால் முழுக்கத் தைல வாசனை. எங்கள் வீட்டில் யாருக்கோ தீராத தலைவலி என்றுதான் அக்கம்பக்கத்தில் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். இன்றைக்கும் யாராவது தைலம் தடவினால் எனக்கு உடனே ஒரு பூதத்தை அடிக்கவேண்டும் போலிருக்கும்.

சட்டப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. ஆங்கிலப் புத்தகத்தின் போட்டோஸ்டேட்டுக்குப் போட்டோஸ்டேட், அதற்கும் ஒரு போட்டோஸ்டேட். பாதிப் பக்கங்கள் கறுப்பாகவே இருந்தன. கறுப்பாக இருந்த இடங்களிலெல்லாம் நானே சட்டம் போட்டேன். அதிகாரம் அப்படித்தான் கைக்கு வருகிறது.

தேவனின் வீரன் பெயர் இரும்பையா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இரும்பு. லெட்சுமியின் ஆள் பூவாத்தா, வில்லாளி, உடம்பில் பருத்தித் துணி மட்டும். எவ்வளவு இரும்போ அவ்வளவுக்கு அடிபடாது என்பது புத்தகத்தின் சட்டம். இரும்பையா காசு சேரச்சேர இரும்பாக வாங்கிப் பூட்டிக்கொண்டார். கடைசியில் யார் வெட்டினாலும் அவர்மேல் கீறல் விழாது என்றாகிவிட்டது. பூதங்கள் வரும், தட்டிப் பார்க்கும், வருத்தத்தோடு சாகும். எனக்கே பூதங்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"ண்ணே, இதுல எனக்கு என்னா வேலை?" என்றாள் லெட்சுமி ஒருநாள். "அவரே எல்லாத்தையும் அடிச்சிர்றாரு. நான் போயி துணி காயப்போடுறேன்."

நியாயமான கேள்வி. ஒருவனை யாருமே தொட முடியாது என்றால் அது விளையாட்டே இல்லை. அதனால்தான் பாரச் சட்டம் கொண்டுவந்தேன். இரும்பு போட்டவனுக்கு வேகம் பாதி. செங்குத்தான இடத்தில் ஏறவேண்டும் என்றால் பகடையில் பதினெட்டாவது விழவேண்டும். விழாவிட்டால் அவன் விழுவான்.

தேவன் குதித்தான். "எந்த ஊர் ரூல்லா இது? இரும்பு போட்டவன்லாம் மாடிப்படி ஏறாமயா இருந்தான்?"

"போட்டுப் பார்த்தியா நீ?"

"நீ போட்டுப் பார்த்தியா?"

யாரும் போட்டுப் பார்த்ததில்லை. ஆகவே போட்டுப் பார்த்தோம். சதுர பிஸ்கட் டின்களை வெட்டி, கயிறு கட்டி, உள்ளே செங்கல் வைத்து தேவனின் தோளில் முன்னும் பின்னும் தொங்கவிட்டோம். பிரிக்பீல்ட்ஸில் செங்கலுக்கா பஞ்சம். குவார்ட்டர்ஸ் வரிசைக் கடைசியில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பைப்படி வரை ஓடித் திரும்பவேண்டும். உச்சி வெயில். பாதி தூரம் போவதற்குள் கயிறு தோளை அறுத்து, டின்கள் தொடையில் மோதி, மனிதன் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அம்மா சிராப் தண்ணீர் கலக்கிக் கொடுத்து, "படிச்ச புள்ளைங்கதானே ரெண்டு பேரும்?" என்று கேட்டார். நான் அறிவியல் பூர்வமாக வென்றுவிட்ட மிதப்பில் இருந்தேன்.

இங்கே இன்னொரு சட்டத்தையும் சொல்லவேண்டும். யாருடைய ஆள் செத்தாரோ, அவர் அந்தக் கதை முடியும்வரை ஆட்டத்துக்கு வரக்கூடாது. முன்பு ஒரு தடவை செத்துப்போன தேவன், சும்மா உட்கார்ந்து பந்து விளையாட்டுக் கதை பேசியே எங்கள் ஆட்டத்தைக் கெடுத்தான். அதனால் போட்ட சட்டம். எங்கள் கதைகள் முடிய எட்டுமாதம் பத்துமாதம் ஆகும்.

தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு. கதையில் பின்னால் எதிரிப்படை துரத்துகிறது, முன்னால் மலை, மலையைக் குடைந்த படிக்கட்டு, உச்சியில் கோட்டைக் கதவு. பூவாத்தா ஏறிவிடலாம். இரும்பையாவுக்குப் பதினெட்டு வேண்டும்.

"இரும்புச் சட்டையக் கழட்டிட்டு ஏறு" என்றேன்.

"கழட்டுனா முதுகுல அம்பு பாயும்."

"பாயும்லா."

தேவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டவே இல்லை. முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு வருசமா வளத்த ஆளுடா மச்சான். இவன் செத்தா நான் எப்படிடா இங்க வர்றது?" என்றான். காகித வீரனுக்காக இப்படியும் ஒருவன் கலங்குவானா என்று எனக்கு ஆச்சரியம். லெட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தைப்பூசம் கழிந்து உருட்டுகிறேன் என்று அவன் பகடையைப் புட்டியில் போட்டு மூடினான்.

தேவன் ஞாயிறு தவறாமல் கிள்ளானிலிருந்து ஒரு பொட்டலம் ஓமப்பொடி வாங்கிவருவான். கதை நடத்துபவனுக்குக் கொடுக்கும் லஞ்சம் என்றே நான் நம்பி, கண்டிப்பு குறையாமல் தின்றுவந்தேன். லெட்சுமிக்கு ஓமப்பொடி என்றால் உயிர் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் உறைக்கவில்லை. நம் அறிவு அவ்வளவுதான்.

அந்த வருஷம் எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. நிரந்தரமானால் காவடி எடுக்கிறேன் என்று அம்மா வேண்டியிருந்தார். வேண்டியது அம்மா, தூக்கவேண்டியது நான். விரதம் இருந்து, பத்துமலையில் ஆற்றங்கரையில் குளித்து நின்றேன். நாக்கில் சிறு வேல். காவடி கட்டும் அண்ணன் ஒருவர் இரும்புக் கூண்டை என்மேல் இறக்கி, அகலமான பெல்ட்டை இடுப்பில் வைத்து இறுக்கு இறுக்கு என்று இறுக்கினார். உறுமி அடித்தது. நான் ஆடத் தொடங்கினேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், பாரமே தெரியவில்லை. முருகன் அருள் என்று அம்மா கடைசிவரை சொன்னார், நானும் மறுக்கவில்லை. ஆனால் மொத்தப் பாரமும் இடுப்பில் உட்கார்ந்திருந்தது, தோளில் தொங்கவில்லை. சுழன்றேன், குனிந்தேன், மலைக்கோயில் படிக்கட்டுக்கு வந்ததும் ஆடிக்கொண்டே ஏறினேன். முன்னால் அம்மாவும் தலையில் பால்குடத்தோடு லெட்சுமியும். பக்கத்தில், தண்ணீர்ச் செம்பும் நான் இடையில் உட்கார ஒரு முக்காலியும் சுமந்துகொண்டு தேவன்.

பாதிப் படியில் முக்காலியில் உட்கார்ந்தேன். தேவன் என் காலில் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே கூண்டைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், ஏறிவந்த படிகளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ முருகா, இங்கேயா?

"மச்சான்" என்றான் காதருகில். "இது என்னா வெயிட்டு! நீ ஆடிக்கிட்டே ஏறுறடா! அப்போ என் ஆளு ஏன் ஏற முடியாது?"

நாக்கில் வேல். நான் எப்படிப் பதில் சொல்வது?

"அன்னைக்கு நீ எனக்குத் தோள்ல தொங்கவிட்ட. இடுப்புல கட்டியிருந்தா நான் பைப்படி என்னா, ரயில்வே ஸ்டேஷனுக்கே ஓடியிருப்பேன். ரூல் தப்புலா!"

இடம் பொருள் ஏவல் தெரியாதவனே என்று அவனைத் திட்ட வாய் இல்லாததால் கோபத்தில் கூண்டோடு உடம்பை உலுக்கினேன். "சாமிக்கு உக்கிரம் வந்துருச்சு!" என்று யாரோ ஓர் அங்கிள் ஓடிவந்து என் நெற்றியில் திருநீறு அப்பினார். உறுமிக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். "வேல் வேல்!" என்று கூட்டம் முழங்க, அதன் நடுவே தேவன், "ரூல மாத்து! ரூல மாத்து!" என்று அதே தாளத்தில் கத்திக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் அர்த்தம் தெரியாமல் கூடவே சொன்னார்கள்.

கடைசிப் படிக்கட்டில் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கில் வேலோடு சிரிப்பது எத்தனை கஷ்டம் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். தலையை ஆட்டினேன். சரி, தொலை.

"தலையாட்டிட்டான்! லெட்சுமி, நீதான் சாட்சி!"

பால்குடம் அசையாமல் லெட்சுமி திரும்பினாள். அந்தப் பாரச் சட்டமே அவளுக்காகத்தான் வந்தது. "பார்த்தேன்" என்றாள், அவனைப் பார்த்து. முகமெல்லாம் சிரிப்பு. அம்மா அவளைப் பார்த்தார், முக்காலியோடு நின்ற தேவனைப் பார்த்தார், முன்னால் திரும்பி "வேல் வேல்" என்றார்.

அடுத்த ஞாயிறு புதுச் சட்டம் எழுதினேன். இடுப்பில் பூட்டிய இரும்புக்குப் பாரம் பாதிதான். ஆனால் சூடு உண்டு, தாகம் உண்டு. அதனால் கூடவே ஒருவர் தண்ணீரும் முக்காலியும் தூக்கிவந்தால்தான் ஏறமுடியும். நான் எழுதியதிலேயே உருப்படியான சட்டம் அதுதான். இரும்பையா யாராலும் வெல்லமுடியாதவராக இருந்தது போய், பூவாத்தா இல்லாமல் பத்துப் படி ஏறமுடியாதவர் ஆனார். லெட்சுமி துணி காயப்போடப் போகவில்லை. புதுச் சட்டப்படி இரும்பையா ஏற ஏழாவது விழவேண்டும், தேவன் உருட்டினான். பகடை மேசையிலிருந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. மூவரும் தரையில் படுத்துப் பார்த்தோம். பதினொன்று! தேவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இரும்பையாவும் பூவாத்தாவும் உச்சிக்குப் போய், கோட்டைக் கதவின் முன்னால் நின்றார்கள். மணி ஆகிவிட்டது, மிச்சம் அடுத்த வாரம் என்றேன். அம்மா வடைத் தட்டை வைத்துவிட்டு, "தம்பி, அடுத்த வாரம் வரும்போது உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாப்பா" என்றார். தேவனின் கையிலிருந்த வடை தட்டிலேயே விழுந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அவன் அம்மா வந்தார், தட்டு மாற்றிக்கொண்டார்கள். அன்றே அம்மா தம் சட்டத்தை அறிவித்தார். நிச்சயம் ஆன மாப்பிள்ளை தாலி கட்டும்வரை பெண் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் கூடாது. தேவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? அது என் புத்தகத்துச் சட்டமில்லை, அதில் கறுப்பான பக்கமும் இல்லை. இரும்பையா செத்திருந்தால் எட்டுமாதம் வராமல் இருந்திருப்பான். பிழைத்ததால் ஏழுமாதம் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வீடு, பிள்ளை, ஷிப்ட் என்று ஞாயிறுகள் வேறு கைகளுக்குப் போய்விட்டன.

குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம். பைப்படி எது என்று காட்டக்கூட முடியாது. அம்மா இல்லை. பகடை எந்த வீடு மாற்றத்திலோ புட்டியோடு தொலைந்தது. தேவனும் லெட்சுமியும் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறார்கள்; அவனுக்கு முட்டிவலி, படியேறும்போது அவன் பையை லெட்சுமி வாங்கிக்கொள்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஓமப்பொடியை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்பான். "இப்பவாவது சொல்லுடா மச்சான். அந்தக் கதவுக்குப் பின்னால என்னா வச்சிருந்த?"

"பகடையைக் கொண்டா, உருட்டு, சொல்றேன்" என்பேன். அவன் சிரிப்பான்.

உண்மையில் எனக்கு மறந்துவிட்டது. என்னென்னவோ யோசித்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. உலகத்தில் அது தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் காகித வீரர்கள் இருவரும் இன்னும் மலையுச்சியில், முக்காலியும் தண்ணீருமாக, கதவைப் பார்த்து நிற்கிறார்கள்.