வாங்காத நிலத்துக்கு ஒரு ஜெபம்

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில், நான் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நிலம் வாங்கப்போகிறேன் என்ற விஷயம் எனக்குத் தெரியவந்தது.

என் பேங்க் பேலன்ஸுக்கு இன்னும் தெரியாது.

சொன்னது செல்வி அக்கா. ஏரிக்கரை ஓரமாக டீக்கடை வைத்திருப்பவர். எங்களைப் பார்த்ததுமே இஞ்சியை நசுக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு கிளாஸை ‘டொக்’கென்று வைத்தார். வாயில் வைத்தால் வெறும் டீ.

“இன்னாக்கா, இஞ்சி தீர்ந்துடுச்சா?”

“இஞ்சிலாம் கீது. நெலத்த வாங்கி நீங்களே கடை போட்டுக்குங்க பாப்பா. அப்போ மூட்ட மூட்டையா போட்டுக் குடிங்க.”

எந்த நிலம்? யார் வாங்குகிறார்கள்? ஒன்றும் புரியவில்லை. எங்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும்.

செங்கல்பட்டில் எங்கள் சர்ச்சில் ஒரு நடைக் குழு இருக்கிறது. சனிக்கிழமை விடிந்ததும் நாலைந்து கார்களில் கிளம்புவோம். ஊருக்கு வெளியே எங்காவது நிறுத்திவிட்டு நடப்போம். பெரும்பாலும் இந்த ஏரிக்கரை. எப்போதாவது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரை. நடப்பதற்காகக் காரில் போகிறீர்களா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

குழுவில் நான்தான் சின்னவள். ஐந்து நாள் சிறுசேரி ஐ.டி. ஆபீஸில் நாற்காலியோடு ஒட்டிக்கிடந்துவிட்டு வருவதால், இறங்கியதும் கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஓடுவேன். “ஷைனி, மெதுவா!” என்று பின்னால் ஒரு குரல் வரும். அது எங்கள் தலைவி கிரேஸ் ஆன்ட்டி. ஸ்கூல் ஹெச்.எம்.மாக இருந்தவர். யார் பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார். அதைவிடச் சிரமம், தானும் சொல்லமாட்டார்.

அடுத்து ஜேக்கப் அங்கிள். சொந்த ஊர் நாகர்கோவில். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் எப்போதும் பைனாகுலர். எங்கே பறவை தெரிந்தாலும் கையை நீட்டி எல்லோருக்கும் காட்டுவார். எங்களுக்குத் தெரிவது அவருடைய விரல் மட்டும்தான்.

செல்வி அக்கா கடையை ஒட்டி ஒரு காலி இடம். அங்கேதான் கார்களை நிறுத்துவோம். இறங்கியதும் வட்டமாக நின்று, கைகோத்து, கண்ணை மூடி ஒரு ஜெபம். பாம்பு கடிக்கக்கூடாது, யாருக்கும் முட்டி பிடித்துக்கொள்ளக்கூடாது... மேட்டர் அவ்வளவுதான். ஆனால் ஜெபிப்பது ஜேக்கப் அங்கிள். அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை. “இந்த இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம்! இந்த மண்ணை ஆசீர்வதியும் ஆண்டவரே!” என்றால் ஏரியில் இருக்கும் கொக்கெல்லாம் கிளம்பிவிடும். அப்புறம் அதையே பைனாகுலரில் தேடுவார்.

இப்போது இதையெல்லாம் எதிர்வீட்டு வாசலில் நின்று பாருங்கள்.

கார்கள் வருகின்றன. டிராக் பேன்ட் போட்டவர்கள் இறங்குகிறார்கள். ஒருவர் பைனாகுலரில் நாலு பக்கமும் பார்த்து, கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறார். ஒரு பெண் போனைப் பார்த்தபடி இடத்தின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடக்கிறாள் — என் வார்ம்-அப். பிறகு எல்லோரும் அந்த மண்மேல் நின்று சாமி கும்பிடுகிறார்கள். சத்தமாக. வாராவாரம்.

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

எதிர்வீட்டுத் தனசேகரும் அதையேதான் நினைத்தார். காலி இடம் அவருடையது. செல்வி அக்காவின் கடை நிற்கிற இடமும் அதில் ஒரு மூலைதான். அந்த மூலையை செல்வி அக்காவுக்கே ஒரு ரேட்டுக்குக் கொடுத்துவிடுவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி அக்காவும் மகளிர் குழுவில் லோன் போட்டு, அது சாங்ஷனும் ஆகிவிட்டது. இந்த நேரத்தில்தான் நாங்கள் கைகோத்து நின்றிருக்கிறோம்.

“சர்ச் பார்ட்டி பூஜையே போட்டுடுச்சு, நீ இன்னும் பழைய ரேட்ட பேசினு கீறியேன்றான் அந்தாளு. நான் எங்க போவேன்? கடைய தலமேல தூக்கி வெச்சுக்கினு நிக்கவா?”

செல்வி அக்கா சத்தமெல்லாம் போடவில்லை. அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். எங்கள் யாருக்கும் அதற்கப்புறம் டீ இறங்கவில்லை.

“நான் போய்ப் பேசிட்டு வர்றேன்!” என்று கிளம்பினேன். எதற்கும் முதல் ஆளாகக் கிளம்புவது என் வழக்கம். யோசனை எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

“சார், நாங்க நிலம் வாங்க வரல. நடக்க வர்றோம்.”

“எங்கேர்ந்து?”

“செங்கல்பட்டு.”

“நடந்தேவா?”

“இல்ல... கார்ல.”

“கார்ல வந்து நடக்கறீங்கோ.”

“ஆமா சார்.”

“சரி, நடந்து எங்க போறீங்கோ?”

“ஏரியோரமாப் போயிட்டு இங்கயேதான் திரும்பி வருவோம்.”

தனசேகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தபாரும்மா, நடுவுல புரோக்கர்லாம் வேணாம். இன்னா எதிர்பாக்கறீங்கோன்னு ஓப்பனா சொல்லிடுங்கோ.”

“சத்தியமா சும்மாதான் சார் நடக்கறோம்!”

“சும்மா நடக்கறதுக்கு எவனாச்சும் சாமி கும்புடுவானா?”

எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்திருக்கிறேன். எந்த செமஸ்டரிலும் இந்தக் கேள்வி வரவில்லை.

திரும்பி வரும்போது காரில் ஒரே ஆலோசனை. வேறு இடத்தில் நிறுத்தலாமா? நிறுத்தினால் அந்த இடத்துக்காரர் ரேட்டை ஏற்றுவார். தனசேகரும் ‘பேரம் பண்ண டிராமா போடறாங்க’ என்பார். இந்தப் பக்கமே வராமல் இருந்துவிடலாமா? நாங்கள் திரும்பி வருவோம் என்று அவர் ஒரு வருஷம்கூடக் காத்திருப்பார். செல்வி அக்காவின் லோன் காத்திருக்காது.

“அந்தாளு காதுல விழற மாதிரி இடத்தைக் குறை சொல்லுவோம். கொசு, சேறு, பாம்பு... கேட்டியா?” என்றார் ஜேக்கப் அங்கிள்.

“நல்ல இடத்தைக் கெட்ட இடம்னு சொல்லச் சொல்றீங்களா?” என்றார் கிரேஸ் ஆன்ட்டி.

அங்கிள் ஜன்னல் வழியாகப் பறவை தேட ஆரம்பித்தார்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் நேரில் சொன்னதைத் தனசேகர் நம்பவில்லை. ஆனால் நாங்கள் ஆண்டவரிடம் சொன்னதை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை நம்பியிருக்கிறார். அப்படியென்றால்? விளக்கத்தை ஜெபத்திலேயே வைத்துவிட வேண்டியதுதான்! உடனே ஒரு ஜெபத்தை டைப் செய்து, பாயின்ட் பாயின்ட்டாகப் பிரித்து, குழுவின் வாட்ஸப்பில் போட்டேன். கடைசியில் ‘ஃபைனல் டிராஃப்ட்’ என்றும் எழுதியிருந்தேன்.

கிரேஸ் ஆன்ட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “ஆண்டவருக்கு எதுக்கும்மா டிராஃப்ட்? ஜெபம் அவர்கிட்ட பேசறதுக்கு. தனசேகருக்கு நோட்டீஸ் ஒட்டற போர்டு இல்ல.”

“ஆண்டவர் கேக்கும்போது பக்கத்துல தனசேகரும் கேட்டா என்ன தப்பு? இத்தனை வாரமும் கேட்டுட்டுதானே இருந்தாரு?” — இது ஜேக்கப் அங்கிள்.

அப்புறம் வழக்கமாக வரும் குட்மார்னிங் ரோஜாப்பூகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்ட்டியிடமிருந்து ஒரே வரி: “நாளைக்கு நான் ஜெபிக்கிறேன். உண்மையில எனக்கு என்ன வேணுமோ அதை மட்டும்தான் கேப்பேன்.”

சனிக்கிழமை. அதே இடம், அதே வட்டம். தனசேகர் வாயில் டூத்பிரஷோடு வாசலுக்கு வந்துவிட்டார். செல்வி அக்கா அடுப்பைச் சிம்மில் வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன். ரிப்போர்ட்டிங் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கிரேஸ் ஆன்ட்டி குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

“ஆண்டவரே, நாங்க நடக்க வந்தோம். இந்த நிலம் எங்களுக்கு வேண்டாம். எங்க சர்ச்சுக்கும் வேண்டாம். நல்ல இடம்தான், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா வாங்கற எண்ணம் எங்க யாருக்கும் இல்லன்னு உமக்குத் தெரியும். நாங்க இங்க வந்து நின்னதால செல்விக்குக் கஷ்டம் வந்துடுச்சு. தெரியாம செஞ்சோம், மன்னியும். அவ கடை இங்கயே இருக்கணும்னு எனக்கு ஆசை. எதிர்வீட்டுத் தனசேகர் நல்லவர்தான். கொடுத்த வார்த்தையில அவரை நிக்க வையும். ஆமென்.”

என் டிராஃப்டில் பாதிகூட இல்லை. என் திறந்த கண்ணில் தெரிந்தவரை, தனசேகரின் கையில் பிரஷ் பாதியில் நின்றிருந்தது. வாயோரம் நுரை.

அவர் ரோட்டோரமாகத் துப்பினார். வாயைத் துடைத்தார். நேராக எங்களை நோக்கி வந்தார்.

“இன்னாங்க இது... உங்க சாமி கிட்ட என் பேரச் சொல்லிட்டீங்கோ?”

“ஆமா தம்பி,” என்றார் ஆன்ட்டி.

“எதிர் வூடுன்னு அட்ரஸு வேற குட்த்துட்டீங்கோ?”

“தெரியணும்ல?”

தனசேகர் பிரஷை இடுப்பில் செருகிக்கொண்டார். “அப்ப நெஜமாவே சும்மாதான் நடக்கறீங்களா?”

“சும்மாதான்.”

“அடப் பேஜாரே...” என்றார். நல்ல ரேட் கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தமா, இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்களே என்ற வருத்தமா, தெரியவில்லை. திரும்பி டீக்கடையைப் பார்த்துக் கத்தினார். “ஏ செல்வி! இன்னாத்துக்கு மூஞ்ச அப்டி வெச்சுக்கினு கீற? பழைய ரேட்டுதான். திங்கக்கெழம வந்து அட்வான்ஸ் குட்த்துட்டுப் போ. மேலருந்து ஒருத்தர் பாத்துகினு கீறாரு, எனக்கு இன்னாத்துக்கு வம்பு!”

செல்வி அக்கா முந்தானையை எடுத்து, ஏற்கெனவே துடைத்துவைத்திருந்த கிளாஸ்களை எல்லாம் திரும்பத் துடைத்தார். எல்லாவற்றையும். ரொம்ப நேரம்.

அட்வான்ஸ் கைமாறிவிட்டது. பத்திரம் எழுதவும் கொடுத்தாகிவிட்டது. எனக்கு இதில் ஒரு விஷயம்தான் ஆச்சரியம். நாம் எதிரே நின்று அடித்துச் சொல்கிற உண்மையை ஒருவர் நம்புவதில்லை. அதையே அவரை விட்டுவிட்டு வேறு யாரிடமோ சொன்னால் காதைத் தீட்டிக் கேட்டு நம்பிவிடுகிறார். என் மேனேஜரிடம் அப்ரைசல் சமயத்தில் இதைச் செய்துபார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை நடந்து முடித்துக் கிளம்பும்போது, தனசேகர் கிரேஸ் ஆன்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டார். நான் ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் பக்கத்திலேயே குனிந்துகொண்டேன்.

“அம்மா, படாளத்தாண்ட எனக்கு ஒரு எடம் கீது. எவனும் சீண்ட மாட்டேன்றான். ஒரே ஒரு வாரம் அங்க வந்து நடந்துட்டுப் போங்களேன்? ஜெபத்த மட்டும் நீங்க பண்ணாதீங்கோ. அந்த பைனாகுலர் சார பண்ணச் சொல்லுங்கோ.”

“ஜெபிச்சுட்டுச் சொல்றேன் தம்பி,” என்றார் ஆன்ட்டி.

சர்ச்சில் அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம் என்பது, பாவம், அவருக்குத் தெரியாது.