பம்புக்குப் பதில் தக்காளி

கண்ணுகளா, எங்கள் ஓசூர் பம்ப் கம்பெனிக்கு வெப்சைட் செய்ய ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன் உட்காருவார். படங்களை ஒரே இடத்தில் வைத்து, தமிழ், கன்னடம், தெலுங்கு என எல்லாப் பக்கங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி அமைத்தார். படம் ஏற்றுவது என் வேலை. பம்புக்குப் பதிலாக, உங்கள் அம்மாவுக்குக் காட்ட எடுத்த ராயக்கோட்டைத் தக்காளிக் கூடைப் படத்தை ஏற்றிவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் தக்காளி! முதலாளி பார்த்தால் என் வேலை போய்விடும்.

“சார், இத்தனை பக்கத்தையும் எப்ப மாத்தறது?”

“ஒரு இடத்துலதானே அண்ணா கெடுத்தீங்க? அங்கயே மாத்துங்க, போதும்.”

மாற்றினேன். எல்லாம் பம்பாகிவிட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “தக்காளி கேட்டு மூணு பேர் போன் பண்ணாங்கண்ணா. பம்புக்கு இன்னும் ஒருத்தரும் பண்ணல.”

முகத்தில் சிரிப்பே இல்லை. கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.